ரோமானியப் புராணக் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமானியப் புராணம் என்பது கிரேக்கக் கதைகளுக்குப் பெயர் மாற்றி வைத்ததுதானே?

பாதிதான் சரி. ஜீயஸ் ஜூபிடர் ஆனார், ஹீரா ஜூனோ ஆனார், அஃப்ரொடைட்டி வீனஸ் ஆனார் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். அதோடு நின்றுவிட்டால் ரோமின் சொந்தச் சரக்கு கண்ணில் படாது. மார்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்களின் ஏரிஸ் ரத்தவெறி பிடித்தவர், பெற்ற தகப்பனுக்கே ஆகாதவர். மார்ஸோ ரோமானியர்களுக்குக் குலத்தகப்பன். வயலும் மாடும் நன்றாக இருக்க வேண்டும் என்று விவசாயி வேண்டிக்கொண்டதும் அவரிடம்தான். மார்ச் மாதம் அவர் பெயரில் வந்தது. பழைய ரோமானிய ஆண்டு அந்த மாதத்தில்தான் பிறந்தது.

நம் ஊர்க் கோயில்களின் தல புராணம் தெரிந்தவர்களுக்கு ரோமானியக் கதைகளின் குணம் சட்டென்று பிடிபடும். இந்தப் பாறை ஏன் இங்கே இருக்கிறது, இந்தக் குளத்துக்கு ஏன் இந்தப் பெயர், இந்தத் திருவிழாவில் நாயை ஏன் அடிக்கிறார்கள் என்ற கேள்விக்கான பதில்கள் அவை. கதை கிரேக்கத்திலிருந்தே வந்தாலும் ரோமில் ஒரு முகவரி வாங்கிக்கொண்டுதான் குடியேறும். ஹெர்குலிஸ் ஒரு மந்தையை ஓட்டிக்கொண்டு டைபர் ஆற்றங்கரைக்கு வந்து களைத்துத் தூங்கினானாம். காக்கஸ் என்ற குகைவாசி சில மாடுகளைத் திருடினான். கால்தடம் காட்டிக் கொடுத்துவிடுமே என்று வாலைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் போனான். தடத்தைப் பார்த்தால் மாடுகள் குகையிலிருந்து வெளியே போனது போல இருக்கும். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு மாடு கத்திவிட, திருடனின் கதை முடிந்தது. ரோமின் மாட்டுச் சந்தையில் ஹெர்குலிஸுக்கு ஒரு பெரிய பலிபீடம் இருந்தது. அது எப்படி வந்தது என்பதற்குத்தான் இத்தனையும்.

ரோமுலஸ், ரெமுஸ் கதை என்ன?

ஆல்பா லோங்கா என்ற ஊரில் நூமிட்டர் அரசன். தம்பி அமூலியஸ் அவனைத் தள்ளிவிட்டு ஆட்சியைப் பிடித்தான். அண்ணன் மகன்களைத் தீர்த்துக்கட்டினான். மகள் ரியா சில்வியாவை வெஸ்டா தேவதையின் கன்னிப் பூசாரி ஆக்கினான். கல்யாணம் இல்லை என்றால் வாரிசும் இல்லை அல்லவா? ஆனாலும் அவளுக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. தகப்பன் மார்ஸ் என்றாள். குழந்தைகளை ஆற்றில் விடச் சொன்னான் அமூலியஸ். டைபரில் வெள்ளம் வடியும் நேரம், தொட்டில் ஓர் அத்திமரத்தடியில் தட்டி நின்றது. ஒரு பெண் ஓநாய் வந்து பால் கொடுத்தது. மரங்கொத்தி இரை கொண்டு வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டுமே மார்ஸுக்கு உரியவை. அப்புறம் ஃபாஸ்டுலஸ் என்ற இடையன் தூக்கிப்போய் வளர்த்தான்.

வளர்ந்த பையன்கள் அமூலியஸைக் கொன்று தாத்தாவுக்கு அரியணையைத் திருப்பித் தந்தார்கள். தாங்கள் கிடந்த இடத்திலேயே ஒரு நகரம் கட்டலாம் என்று கிளம்பினார்கள். எந்தக் குன்றில், யார் பெயரில்? பறவைச் சகுனம் பார்த்தார்கள். அவென்டைன் குன்றில் நின்ற ரெமுஸுக்கு முதலில் ஆறு பாறுக் கழுகுகள் தெரிந்தன. பாலட்டைன் குன்றில் நின்ற ரோமுலஸுக்கு அதற்குப் பிறகு பன்னிரண்டு தெரிந்தன. முதலில் பார்த்தவனுக்கா, அதிகம் பார்த்தவனுக்கா? தகராறு முற்றியது. ரோமுலஸ் எழுப்பிக்கொண்டிருந்த மதிலை ரெமுஸ் கேலியாகத் தாண்டிக் குதிக்க, அண்ணன் தம்பிக்குள் கொலையே விழுந்தது.

பிற்கால ரோமானியர்கள் இந்தக் கொலையை எப்படியாவது நீர்க்கச் செய்யப் பார்த்திருக்கிறார்கள். லிவி என்ற வரலாற்றாசிரியர் கைகலப்பில் ரெமுஸ் இறந்த மாதிரியும் ஒரு வடிவம் தருகிறார். கவிஞர் ஓவிட் பழியை செலர் என்ற மேஸ்திரி தலையில் போட்டு, ரோமுலஸை அழ வைக்கிறார். அப்படியும் கொலை கதையை விட்டுப் போகவில்லை. உள்நாட்டுப் போர் மூளும்போதெல்லாம், ரெமுஸின் ரத்தம்தான் நம்மைத் துரத்துகிறது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

நகரம் பிறந்த நாள் கி.மு. 753 ஏப்ரல் 21 என்பது வர்ரோ என்ற அறிஞரின் கணக்கு. இன்றும் ரோம் நகரம் அந்த நாளைப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

ஓநாய் பால் கொடுத்ததை அவர்களே நம்பினார்களா?

எல்லோரும் நம்பவில்லை. லத்தீனில் ‘லூபா’ என்றால் பெண் ஓநாய். கொச்சையில் விலைமாது என்றும் பொருள். இடையனின் மனைவி லாரென்டியாவை ஊரார் அப்படி அழைத்திருப்பார்கள், அதிலிருந்து ஓநாய்க் கதை கிளம்பியிருக்கும் என்று லிவியே எழுதுகிறார். அதற்காக ஓநாயை யாரும் விட்டுவிடவில்லை. கி.மு. 296இல் ஓநாய்க்கு அடியில் இரட்டையர் இருக்கும் சிலையை அந்த அத்திமரத்தருகே நிறுவினார்கள். அப்புறம் வெள்ளி நாணயத்திலும் அதே காட்சி வந்தது.

ரோம் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கல ஓநாய் அதுதானா?

இல்லை. அதிலுள்ள குழந்தைகள் 15ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. ஓநாய் மட்டும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கன் மக்களின் வேலை என்று நெடுநாள் நம்பினார்கள். வார்ப்பு முறையைப் பார்த்தும் கரிமக் காலக்கணிப்பு செய்தும் ஆராய்ந்தவர்கள், அதுவும் இடைக்காலத்தில் செய்யப்பட்டது என்கிறார்கள். எட்ருஸ்கன் என்றே சொல்பவர்களும் இன்னும் உண்டு.

ரோமைத் தொடங்கியது ஈனியாஸ் என்றும் படித்திருக்கிறேனே?

இரண்டு கதையும் வெவ்வேறாக ஓடிக்கொண்டிருந்தவை. பிறகு சேர்த்துத் தைத்தார்கள். ஈனியாஸ் டிராய் நகரத்து வீரன், வீனஸின் மகன். நகரம் எரியும்போது கிழத் தகப்பனைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு தப்பித்தவன். மனைவி கிரெயூசா நெரிசலில் தவறிப்போனாள். கடலில் அலைந்து கடைசியில் இத்தாலி சேர்ந்து, உள்ளூர் இளவரசி லவீனியாவை மணந்தான்.

சிக்கல் காலக்கணக்கில் வந்தது. டிராய் விழுந்தது கி.மு. 1184 என்பது கிரேக்க அறிஞர்களின் கணக்கு. ரோம் பிறந்ததோ 753. நடுவில் நானூறு வருஷத்துக்கு மேல் பள்ளம். பழைய கவிஞர்கள் சிலர் ரோமுலஸை ஈனியாஸின் பேரன் என்றே பாடிவிட்டார்கள். அது எடுபடாது என்று தெரிந்ததும் ஆல்பா லோங்காவில் ஓர் அரச பரம்பரையைப் பெயர் பெயராக அடுக்கிப் பள்ளத்தை நிரப்பினார்கள். ஈனியாஸின் மகனுக்கு யூலஸ் என்றும் ஒரு பெயர். ஜூலியஸ் சீசரின் குடும்பம் அந்த யூலஸின் வழி வந்தோம் என்றது. அதாவது வீனஸ் எங்கள் பாட்டி! அரசியலில் இதைவிட வசதியான வம்சாவளி கிடைக்காது.

சீசரின் வாரிசான அகஸ்டஸின் காலத்தில்தான் வெர்ஜில் இந்தக் கதையை ‘ஈனெய்ட்’ என்று 12 காண்டங்களில் பாடினார். கி.மு. 19இல் சாகும்போது, இது முடியவில்லை, எரித்துவிடுங்கள் என்றாராம். அகஸ்டஸ் தடுத்துவிட்டார். பாதியில் நிற்கும் அடிகள் இன்றும் அந்தக் காவியத்தில் அப்படியே இருக்கின்றன.

டிடோவை ஈனியாஸ் ஏமாற்றினானா?

என்னைக் கேட்டால் ஆமாம். வெர்ஜிலைக் கேட்டால் விதி என்பார். புயலில் ஒதுங்கிய ஈனியாஸை கார்த்தேஜ் நகரத்து அரசி டிடோ வரவேற்றாள், காதலித்தாள். இத்தாலிக்குப் போ என்று தெய்வம் ஏவியதும் அவன் சொல்லாமல் கிளம்பப் பார்த்தான். அவள் கண்டுபிடித்துக் கேட்டபோது, நான் விரும்பிப் போகவில்லை என்றான். அவள் சிதையேறி, அவன் விட்டுப்போன வாளாலேயே மாண்டாள். உன் குலத்துக்கும் என் குலத்துக்கும் ஒருநாளும் உறவு கூடாது, என் எலும்பிலிருந்து ஒருவன் பழிவாங்க எழட்டும் என்று சபித்தாள். கேட்கும் ரோமானியன் மனத்தில் உடனே, பிற்காலத்தில் ரோம்மேல் படையெடுத்து வந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் வந்து நிற்பான்.

அதைவிட எனக்குப் பெரிய காட்சி பின்னால் வருகிறது. ஈனியாஸ் பாதாள உலகத்துக்குப் போகும்போது அவள் ஆவியைப் பார்த்துக் கண்ணீரோடு பேசுகிறான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய கணவனிடம் போய்விடுகிறாள். இத்தனைக்கும் மரபுக் கணக்குப்படி கார்த்தேஜ் உருவானது கி.மு. 814இல். இருவரும் சந்தித்திருக்கவே முடியாது.

சபீன் பெண்களைக் கடத்தியதை ஏன் பெருமையாகச் சொல்கிறார்கள்?

பெருமையும் சங்கடமும் கலந்துதான் சொல்கிறார்கள். ரோமுலஸ் புது ஊருக்கு ஆள் சேர்க்க, ஓடிவந்தவர், குற்றவாளி யாரானாலும் அடைக்கலம் என்று அறிவித்தான். ஆண்கள் வந்து குவிந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்கள் பெண் கொடுக்க மறுத்தன. ஒரு திருவிழா வைத்து எல்லோரையும் அழைத்து, சைகை காட்டியதும் இளம்பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கம்பக்கத்துச் சபீன் மக்கள் படை திரட்டி வந்தார்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது அந்தப் பெண்களே நடுவில் ஓடிவந்து நின்றார்கள். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் புருஷன். யார் ஜெயித்தாலும் நஷ்டம் எங்களுக்கு என்றார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றானது.

ரோமானியக் கல்யாணத்தில் மணமகளை வாசற்படி மிதிக்காமல் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த முதல் பெண்கள் தாமாக நடந்து வரவில்லை என்பதன் நினைவாக இருக்கலாம் என்கிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

டார்பீயா யார்?

அதே போரில் கேபிடோலைன் கோட்டைக் காவலனின் மகள். இடதுகையில் போட்டிருப்பதைத் தந்தால் கதவைத் திறக்கிறேன் என்று சபீன் வீரர்களிடம் சொன்னாள். தங்கக் காப்பை நினைத்துச் சொன்னாள். அவர்களோ உள்ளே வந்ததும் இடதுகையில் இருந்த கேடயங்களை அவள்மேல் வீசியே நசுக்கினார்கள். துரோகிகளை உருட்டிவிடும் பாறைக்கு அவள் பெயர் நிலைத்தது.

ரோமுலஸ் என்ன ஆனான்?

படையைப் பார்வையிடும்போது புயல் வந்தது, மேகம் மூடியது, விலகியபோது நாற்காலி காலி. வானத்துக்குப் போய் குவிரினஸ் என்ற தெய்வமாகிவிட்டான் என்றார்கள். செனட்டர்கள் துண்டுதுண்டாக வெட்டி ஆளுக்கொரு பங்காக ஆடைக்குள் மறைத்துக்கொண்டு போனார்கள் என்று காதோடு காதாக இன்னொரு பேச்சும் இருந்தது. தெய்வக் கதையையும் கொலைக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டாயிரம் வருஷமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தெய்வங்களோடு மனிதர்கள் பேசும் கதைகள் இல்லையா?

ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டாவது அரசன் நூமா சண்டைக்காரன் அல்ல, சடங்குக்காரன். இரவில் எகீரியா என்ற நீர்தேவதையிடம் யோசனை கேட்பவன். ஒருமுறை இடி தொடர்ந்து விழுந்து ஊரே நடுங்கியபோது, ஜூபிடரையே கீழே வரவழைத்துப் பரிகாரம் கேட்டான்.

“ஒரு தலையை வெட்டு” என்றார் ஜூபிடர்.

“ஆகட்டும், என் தோட்டத்து வெங்காயத்தின் தலையை வெட்டுகிறேன்.”

“மனிதனுடையது.”

“முடியைத் தருகிறேன்.”

“உயிர் வேண்டும்.”

“மீனின் உயிர்.”

ஜூபிடர் சிரித்துவிட்டார். உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது என்று அதையே ஒப்புக்கொண்டார். ஓவிட் சொல்லும் இந்தக் கதையில் ரோமானிய மதமே இருக்கிறது: தெய்வத்தோடு ஒப்பந்தம் போடலாம், வாசகத்தில் கவனமாக இருந்தால் போதும். பேச்சு முடிந்த அடையாளமாக வானத்திலிருந்து ஒரு கேடயம் விழுந்தது. அதைத் திருடிவிடாமல் இருக்க நூமா அதே மாதிரி பதினொன்று செய்யச் சொல்லி, எது அசல் என்றே தெரியாமல் ஆக்கிவிட்டான். மார்ச் மாதத்தில் சாலியர் என்ற பூசாரிகள் அந்தப் பன்னிரண்டையும் ஏந்தித் தெருவில் ஆடிக்கொண்டு வருவார்கள்.

இரண்டு முகம் உள்ள ஜேனஸ் யார்?

வாசலின் தெய்வம், தொடக்கத்துக்கும் அவர்தான். கிரேக்கத்தில் இவருக்கு ஜோடி கிடையாது. ஜனவரி இவர் பெயரால் வந்தது. இவர் கோயில் கதவு போர்க்காலத்தில் திறந்திருக்கும், அமைதி வந்தால் மூடும். நூமா காலத்தில் ஒரு தடவை, கார்த்தேஜோடு நடந்த முதல் பியூனிக் போர் முடிந்த பிறகு ஒரு தடவை. அப்புறம் மூன்று தடவை மூடியதாக அகஸ்டஸ் தன் சாதனைக் கல்வெட்டில் எழுதிக்கொண்டார்.

லுக்ரீஷியாவின் சாவால்தான் அரசாட்சி ஒழிந்ததா?

கதை அப்படித்தான். கி.மு. 509, அரசன் கர்வி டார்க்வின். அவன் மகன் செக்ஸ்டஸ், உறவினன் மனைவியான லுக்ரீஷியாவை வாள்முனையில் பலாத்காரம் செய்தான். இணங்காவிட்டால் உன்னைக் கொன்று பக்கத்தில் ஓர் அடிமையின் பிணத்தைப் போட்டு மானத்தை வாங்குவேன் என்று மிரட்டினான். மறுநாள் அவள் தகப்பனையும் கணவனையும் வரவழைத்து, நடந்ததைச் சொல்லி, பழிவாங்க வாக்கு வாங்கிக்கொண்டு கத்தியால் குத்திக்கொண்டாள். அந்தக் கத்தியைப் பிடுங்கி உயர்த்தியவன் புரூட்டஸ். அதுவரை உயிர் தப்பப் பைத்தியக்காரன் மாதிரி நடித்துக்கொண்டிருந்தவன். அந்தப் பெயருக்கே மந்தன் என்றுதான் அர்த்தம். குடியரசு வந்ததும் அரசனை மீட்கச் சதி செய்த தன் சொந்த மகன்களுக்கே மரண தண்டனை கொடுத்து, நின்று பார்த்தான்.

கதை அத்தோடு கதையாக நிற்கவில்லை. கி.மு. 44இல் சீசரைக் குத்திய மார்க்கஸ் புரூட்டஸ் அந்தப் பழைய புரூட்டஸின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டவன். சீசருக்கு வீனஸ் பாட்டி, இவனுக்குப் புரூட்டஸ் பாட்டன்.

வாத்து ரோமைக் காப்பாற்றியதா?

ஆமாம், ஜூனோ கோயில் வாத்துகள். கி.மு. 390இல் வடக்கிலிருந்து வந்த கால் (Gaul) இனத்தவர் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். கேபிடோலைன் குன்று மட்டும் மிச்சம். இரவில் பாறையேறி வந்தபோது நாய்கள் தூங்க, வாத்துகள் கத்தின. மான்லியஸ் என்ற ரோமானிய வீரன் எழுந்து முதலில் ஏறியவனைத் தள்ளிவிட்டான். இதன் நினைவாக ஆண்டுதோறும் ஒரு வாத்தை மெத்தை போட்ட பல்லக்கில் ஊர்வலம் விடுவார்கள், நாய்களைக் கழுமரத்தில் ஏற்றுவார்கள். பாவம், எந்தக் காலத்து நாயோ தூங்கியதற்கு எந்தக் காலத்து நாய்க்கோ தண்டனை. மான்லியஸின் முடிவும் கசப்பானது. சில வருஷம் கழித்து அரசனாகப் பார்க்கிறான் என்று குற்றம் சாட்டி, அவன் காத்த அதே குன்றின் டார்பீயப் பாறையிலிருந்து அவனையும் உருட்டிவிட்டார்கள்.

கியூபிட், சைக்கி கதை ரோமானியக் கதையா?

கியூபிட் வீனஸின் மகன், சைக்கி அவன் மணந்த மானிடப் பெண். இந்தக் கதை நமக்குக் கிடைத்திருப்பது லத்தீனில்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அபுலேயஸ், கழுதையாக மாறிய ஒருவனின் நாவலுக்குள் இதை வைத்திருக்கிறார். கொள்ளையர் குகையில், கடத்தி வரப்பட்ட பெண்ணைத் தேற்ற ஒரு கிழவி சொல்லும் கதை. பெயர்களையும் தெய்வங்களையும் எடுத்துவிட்டால் பாட்டி கதையேதான்: முகம் காட்டாத கணவன், பொறாமைப்படும் அக்காக்கள், கலந்து கிடக்கும் தானியத்தைப் பிரிக்கச் சொல்லும் மாமியார், உதவிக்கு வரும் எறும்புகள்.

இதற்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

கிழமைகளைப் பாருங்கள். ரோமானிய வாரம் ஞாயிறு, திங்கள், மார்ஸ், மெர்க்குரி, ஜூபிடர், வீனஸ், சாட்டர்ன். கோள்களாகப் பார்த்தால் நம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி அதே வரிசையில் வருகின்றன. ரோம் நமக்குக் கொடுத்தது என்பதல்ல. கிரேக்க உலகத்துச் சோதிடம் இரண்டு பக்கமும் பரவியதன் விளைவு. வீனஸ் காதல் தேவதை, சுக்கிரனோ அசுரர்களின் குரு. புராணத்தில் ஒட்டே இல்லை. ஆனால் சோதிடரிடம் போனால் சுக்கிரன் களத்திரகாரகன், கல்யாணத்துக்கு அதிபதி!

இன்னொன்று: ரோமானிய மூலத்திலிருந்து படியெடுத்த பியூட்டிங்கர் வரைபடத்தில், யவனர்கள் மிளகு ஏற்றிய முசிறிக்குப் பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்று ஒரு கட்டடம் வரைந்திருக்கிறது. மண்ணில் அது இன்னும் அகப்படவில்லை.

ரோமுலஸ் பார்த்த பன்னிரண்டு கழுகுகளுக்கு வேறு அர்த்தம் உண்டாமே?

வர்ரோ காலத்திலேயே ஒரு சகுனக்காரர் சொல்லியிருக்கிறார்: ஒரு கழுகுக்கு ஒரு நூற்றாண்டு, ஆக ரோமின் ஆயுள் 1,200 வருஷம். கி.மு. 753இலிருந்து எண்ணினால் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் கெடு முடிகிறது. 476இல் ஒடோவகர் என்ற தளபதி மேற்கு ரோமின் கடைசிப் பேரரசரை இறக்கினார். பேரரசர் சிறுபையன் என்பதால் கொல்லவில்லை. ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கி காம்பானியாவுக்கு அனுப்பி வைத்தார். அந்தப் பையனின் பெயர் ரோமுலஸ்.